ஃபோர்ஹேண்ட்: ஒண்ணு நெட், இல்லேன்னா பின்வேலி. கோளாறு எங்கே?

#1 மேடவாக்கம்_மட்டை

டென்னிஸ்ல வலது கை ஆட்டம், எட்டு மாசப் பயிற்சி. சிக்கல் ஃபோர்ஹேண்ட்ல, அதாவது வலது கைப் பக்கம் வர்ற பந்தை அடிக்கிறதுல. கோச் பக்கத்துல நின்னு கையால பந்து போட்டா பத்துக்கு எட்டு உள்ளே விழுது. அதே அடி ரேலியில (எதிராளியோட மாத்தி மாத்தி அடிக்கிறப்போ) ரெண்டு விதமா கெடுது: பாதி நெட்டுல மோதுது, மீதி கோர்ட்டோட கடைசிக் கோடான பேஸ்லைனைத் தாண்டி பின்வேலிக்குப் போகுது. நடுநடுவே சிலது வலது பக்க டபுள்ஸ் கோட்டையும் தாண்டுது.

பக்கவாட்டுல போனை வெச்சு எடுத்த வீடியோவுல பார்த்தா, பந்து மட்டையில படுற இடம் இடுப்புக்கு நேரா இருக்கு. கிரிப் (பிடி) பேர் தெரியாது. ஆள்காட்டி விரலோட அடி மூட்டு கைப்பிடியின் வலது பக்கவாட்டுல உட்காருது. ராக்கெட் 285 கிராம், ஸ்ட்ரிங் முழு பாலியஸ்டர், 55 பவுண்டு இழுவை.

கிரிப்பை மாத்தணுமா? மணிக்கட்டைச் சுண்டி அடிக்கச் சொல்றாங்க, அது சரியா? ஸ்ட்ரிங்கை மாத்தினா தீருமா?

#2 எட்டுப்பட்டை

கிரிப்பை முதல்ல முடிச்சுடுவோம், அதுக்கப்புறம்தான் மத்ததைப் பேச முடியும்.

கைப்பிடிக்கு எட்டுப் பட்டை. மட்டையின் முகம் செங்குத்தா நிக்கிற மாதிரி, விளிம்பு தரையைப் பார்க்கிற மாதிரி முன்னால நீட்டிப் பிடிங்க. வானத்தைப் பார்க்கிற பட்டை 1. அங்கிருந்து கடிகார முள் சுத்துற பக்கமா எண்ணுங்க: வலது மேல் சாய்வு 2, வலது பக்கச் செங்குத்து 3, வலது கீழ்ச் சாய்வு 4, அடியில இருக்கிறது 5. ஆள்காட்டி விரலின் அடி மூட்டு எந்தப் பட்டையில உட்காருதோ அதுதான் உங்க கிரிப். 2 கான்டினென்டல், 3 ஈஸ்டர்ன், 4 செமி வெஸ்டர்ன், 5 வெஸ்டர்ன்.

நீங்க சொல்றது 3. அது ஈஸ்டர்ன், அதுல தப்பு எதுவும் இல்லை. ஆனா கையால போட்ட பந்துக்கு இருக்கிற கிரிப் ரேலியிலயும் இருக்கான்னு பார்க்கணும். ஸ்லைஸோ (பந்தை அடியில வெட்டி அடிக்கிறது) வாலியோ (தரையில படுறதுக்கு முன்னாடியே அடிக்கிறது) ஆடிட்டு அவசரத்துல வர்றப்போ கை பாதி வழியில, 2-லேயே நின்னுடும். அந்த நிலையில மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்திருக்கும், பந்து பின்வேலிக்குத்தான் போகும். சோதனை ரொம்பச் சுலபம். ஓவர்கிரிப்புல (கைப்பிடி மேல சுத்துற நாடா) 3-ம் பட்டை மேல ஸ்கெட்ச் பேனாவால ஒரு புள்ளி வைங்க. தப்பா போன ஒவ்வொரு பந்துக்கும் அப்படியே உறைஞ்சு நின்னு கையைப் பாருங்க. மூட்டு புள்ளி மேல இல்லைன்னா திருடன் அங்கேதான் இருக்கான்.

இன்னொண்ணு, நம்ம ஊர் வேர்வை. ஏப்ரல், மே மாசத்துல அரை மணி நேரத்துல ஓவர்கிரிப் சோப்பு மாதிரி வழுக்கும். வழுக்கினா இறுக்கிப் பிடிப்பீங்க, இறுக்கினா கை மரக்கட்டை. பிசுபிசுன்னு ஒட்டுற வகை வேர்வைக் கைக்கு ஆகாது, துணி மாதிரி உறிஞ்சுற வகையா வாங்குங்க. அதைச் சுத்தினதும் கைப்பிடி கொஞ்சம் தடிக்கும், அளவு பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கணும். ஃபோர்ஹேண்ட் கிரிப்ல பிடிச்சா விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே மத்த கையின் ஆள்காட்டி விரல் ஒண்ணு நுழையணும். நுழையலைன்னா கைப்பிடி சிறுசு, ரொம்ப லூசா இருந்தா பெருசு.

#3 ஒத்தக்கை_பேக்ஹேண்ட்

உடனே செமி வெஸ்டர்னுக்கு மாறச் சொல்லி ஒரு கூட்டம் வரும், கேட்காதீங்க. ஈஸ்டர்ன் இந்த ஊருக்கு ஒத்துவர்ற கிரிப்.

ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. ரமேஷ் கிருஷ்ணன் 1986-ல விம்பிள்டன் காலிறுதி, 1981-லயும் 1987-லயும் யுஎஸ் ஓபன் காலிறுதி. சின்ன பேக்ஸ்விங் (அடிக்கும் முன் மட்டையைப் பின்னால கொண்டுபோறது), தட்டையான அடி, பந்தை எழும்பும்போதே எடுக்கிறது, இவ்வளவுதான் ரமேஷோட சரக்கு. பலத்தால ஜெயிச்ச ஆள் இல்லை. பழசுன்னு தள்ளிடவும் முடியாது: 2009 யுஎஸ் ஓபனை டெல் போட்ரோ ஜெயிச்சதும் ஈஸ்டர்னுக்குப் பக்கத்துல இருக்கிற பிடியாலதான்.

கிளப்ல நாம ஆடுற பந்துல பாதி செத்த பந்து. முட்டி உயரத்துக்கு மேல எழும்பாது. அதுக்கு 4, 5-ம் பட்டையைப் பிடிச்சுக்கிட்டு கிணத்துல தண்ணி சேந்துற மாதிரி எதுக்கு மெனக்கெடணும்?

#4 எட்டுப்பட்டை

@ஒத்தக்கை_பேக்ஹேண்ட், பாதி ஒத்துக்கறேன் அண்ணே. கிரிப்புங்கிறது பந்தை எந்த உயரத்துல சந்திக்கிறோம்ங்கிற கணக்கு. ஈஸ்டர்னுக்கு இடுப்பு உயரம் வசதி. செமி வெஸ்டர்னுக்கு இடுப்புலேர்ந்து மார்பு வரைக்கும். வெஸ்டர்னுக்குத் தோள் உயரம் அல்வா, முட்டிக்குக் கீழே வந்தா தலைவலி. ஆனா ஹார்டு கோர்ட்டுல (கெட்டித் தரை) புதுப் பந்தோட டோர்னமென்ட் ஆடினா எதிராளியோட டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழல்ற பந்து) மார்புக்கு எழும்பும், அங்கே ஈஸ்டர்ன் கை திணறும். 3-க்கும் 4-க்கும் நடுவுல இருக்கிற விளிம்புல மூட்டை வெச்சுப் பழகினா ரெண்டுக்கும் பொதுவா இருக்கும்.

செத்த பந்தான்னு பார்க்க ஒரு வழி: விதிப்படி பந்தை 254 செ.மீ. உயரத்துலேர்ந்து விட்டா 135-லேர்ந்து 147 செ.மீ. வரைக்கும் எழும்பணும், அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆறடி உயரத்துலேர்ந்து கோர்ட்டுல போட்டுப் பாருங்க. மூணு அடிக்கும் கீழே நின்னுடுச்சுன்னா அதைத் தெருவுல கிரிக்கெட் ஆடுற பசங்களுக்குக் கொடுத்துடுங்க.

அது கிடக்கட்டும். கேட்டவரோட சிக்கல் கிரிப்பே இல்லைன்னுதான் எனக்குப் படுது. "இடுப்புக்கு நேரா"ன்னு எழுதியிருக்காரே, விஷயம் அங்கே இருக்கு.

#5 கோர்ட்_நம்பர்_3

அதேதான். மேடவாக்கம், உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. மூன்று விதமான தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் தாய் ஒன்றுதான். பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறீர்கள்.

பந்து இடுப்புக்கு நேராக வந்த பிறகு மட்டை பட்டால் முகம் இன்னும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் பந்து வலது டபுள்ஸ் கோட்டுக்குப் போகும். "ஐயோ, வெளியே போகிறதே" என்று கை தானாக மணிக்கட்டை மடக்கி முகத்தைத் திருப்பும். திருப்பியது அதிகமானால் முகம் கவிழ்ந்து நெட். உடம்பு பின்னால் சாய்ந்து கையால் தூக்கினால் முகம் மல்லாந்து பின்வேலி. கையால் போட்ட பந்து உள்ளே விழுவதற்குக் காரணம், அதன் வேகம் குறைவு, நேரம் தாராளம்.

சரியான இடம் எது? கோர்ட் வேலிக் கம்பத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். இடது தோள் கம்பத்தைப் பார்க்கட்டும், பிறகு இடுப்பைத் திருப்பி நெஞ்சு ஏறக்குறைய முன்னால் வரட்டும். மட்டை முகத்தைக் கம்பத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். மணிக்கட்டு பின்னால் மடிந்து, முகம் செங்குத்தாக, முழங்கை விலாவிலிருந்து ஒரு கை அகலம் விலகி, முன் இடுப்புக்குச் சுமார் ஓர் அடி முன்னால். அந்த நிலையில் அழுத்தினால் வலது கால், இடுப்பு, வயிறு, தோள் எல்லாம் இறுகுவது தெரியும். இப்போது ஓர் அடி பின்னால் நகர்த்தி இடுப்புக்கு நேராக வைத்து அழுத்துங்கள். முன்கை மட்டும் நடுங்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கை உணர்ந்துவிட்டால் பாதி பாடம் முடிந்தது. பத்து முறை, ஒவ்வொன்றும் ஐந்து விநாடி, தினமும் கோர்ட்டில் இறங்கும் முன்.

செமி வெஸ்டர்ன் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால் சந்திக்க வேண்டும். கிரிப் எண் ஏற ஏற சந்திப்பு முன்னால் நகரும். தாமதப் பழக்கத்தைத் திருத்தாமல் கிரிப்பை 4-க்கு மாற்றினால் நோய் முற்றும், அவ்வளவுதான்.

#6 கோர்ட்_நம்பர்_3

தொடர்ச்சி. தாமதம் ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

கோர்ட் நீளம் 23.77 மீட்டர். பந்தின் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. என்று வைத்தால் ஒரு பேஸ்லைனிலிருந்து மறு பேஸ்லைனுக்கு வரச் சுமார் 1.4 விநாடி. தரையில் பட்டு உங்களிடம் வருவதற்கு மிஞ்சுவது அரை விநாடியோ அதற்கும் குறைவோ. புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் பந்து தரையில் பட்ட பிறகுதான் மட்டையைப் பின்னால் கொண்டுபோகிறார்கள். அரை விநாடியில் பின்னால் கொண்டுபோய், நிறுத்தி, முன்னால் கொண்டுவர முடியாது.

ஆகவே பந்து நெட்டைத் தாண்டும்போதே தோள் திரும்பி முடிந்திருக்க வேண்டும். "மட்டையைப் பின்னால் எடு" என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி. அப்படிச் சொன்னால் கை மட்டும் பின்னால் போகும், நெஞ்சு நெட்டைப் பார்த்தபடியே நிற்கும். திரும்ப வேண்டியது தோளும் இடுப்பும். இடது கை மட்டையின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டே திரும்பட்டும். இரண்டு கையும் மட்டையில் இருந்தால் தோள் திரும்பாமல் தப்பிக்க வழியில்லை. பிறகு இடது கை மட்டையை விட்டுவிட்டு, பேஸ்லைனுக்கு இணையாக, வலது பக்கக் கோட்டை நோக்கி நீளட்டும். தாடை இடது தோளுக்கு மேல். மட்டையின் முனை மேலே, கை உங்கள் வலப்பக்கத்திலேயே. முதுகுக்குப் பின்னால் போனால் அதிகம்.

இடது கை விழுந்துவிட்டால் தோளும் சீக்கிரம் திறந்துவிடும். வீடியோவில் மட்டையைப் பார்க்காதீர்கள், பந்து தரையில் படும் நொடியில் நிறுத்தி இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தால் நோய் அதுதான்.

#7 வேளச்சேரி_வாலி

மணிக்கட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே? ஸ்லோ மோஷன்ல பெரிய ஆட்டக்காரங்க எல்லாரும் மணிக்கட்டைச் சுண்டுறதுதான் எனக்குத் தெரியுது. ஃபெடரர் அடிச்சு முடிக்கும்போது மட்டை ஜன்னல் தாழ்ப்பாள் மாதிரி திரும்பிக்கிடக்குதே!

#8 அடையாறு_பிசியோ

@வேளச்சேரி_வாலி, நீங்க பார்க்கிறது பந்து போன பிறகு நடக்கிறது. பந்து ஸ்ட்ரிங்குல ஒட்டியிருக்கிற நேரம் 4, 5 மில்லி விநாடி. அந்த நேரத்துல மணிக்கட்டு இன்னும் பின்னால மடிஞ்சேதான் இருக்கும். பந்து கிளம்பினப்புறம் மட்டை ஓடுற வேகத்துல அது தானா நிமிருது, முன்கையும் மேற்கையும் உள்பக்கமா சுழலுது.

நனைஞ்ச துண்டை உதறிப் பாருங்க. கையை முன்னால இழுத்ததும் துண்டோட நுனி முதல்ல பின்தங்கும், அப்புறம் சடார்னு முன்னால வரும். நுனியை நீங்க யாரும் தள்ளலை. மட்டையும் அப்படித்தான். வலது கால் தரையை உந்தி, இடுப்பு திரும்பி, தோள் பின்தொடர்ந்தா கை பின்னால இழுபடும், மட்டை அதுக்கும் பின்னால. இதுக்கு ஒரே நிபந்தனை பிடி தளர்வா இருக்கணும். முழுப் பலத்துல இறுக்குறது பத்துன்னா, திரும்பி நிக்கிறப்போ மூணு, நாலு போதும். பந்து படும்போது தானாவே கொஞ்சம் இறுகிக்கும். இறுக்கணும்னு நினைக்கவே வேண்டாம்.

வேணும்னே சுண்டினா என்ன ஆகும்? மட்டை முகம் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு கோணத்துல இருக்கும், இது ஆட்டத்துக்குக் கேடு. உடம்புக்கு வர்ற கேடு முழங்கையோட உள்பக்க எலும்பு மேட்டுல தெரியும், மணிக்கட்டை மடக்குற தசைகள் அங்கேதான் வந்து ஒட்டுது. டென்னிஸ் எல்போன்னு எல்லாரும் சொல்றது வெளிப்பக்க வலி, அதுக்குப் பெரும்பாலும் பேக்ஹேண்டும் (மறுபக்கம் வர்ற பந்தைப் புறங்கை முன்னால வர்ற மாதிரி அடிக்கிறது) இறுக்கிப் பிடிக்கிறதும் காரணம். ஃபோர்ஹேண்டுக்கு அப்புறம் உள்பக்கம் வலிச்சா மணிக்கட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். செமி வெஸ்டர்ன், வெஸ்டர்ன் ஆடுறவங்களுக்குச் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வலி வரும். ரெண்டு வாரம் தாண்டியும் போகலைன்னா ஐஸ் வெச்சுக்கிட்டு ஆடாதீங்க, போய்க் காட்டுங்க.

ஸ்ட்ரிங் விஷயம்: எட்டு மாச ஆட்டக்காரருக்கு முழு பாலியஸ்டர் 55 பவுண்டு, அந்தக் கைக்குப் பண்ற துரோகம். அது விறைப்பான கயிறு, வேகமா ஸ்விங் பண்றவங்களுக்குத்தான் பலன் தரும், அறுந்து போகாமலேயே மாசக்கணக்குல கிடந்து செத்தும் போயிடும். அதைவிட மிருதுவான சிந்தெடிக் கட் இல்லேன்னா மல்டிஃபிலமென்ட் கயிறு போடச் சொல்லுங்க, ராக்கெட் மேல அச்சடிச்சிருக்கிற வரம்போட நடு டென்ஷன்ல (இழுவையில). கையோட வலி குறையும். பந்து உள்ளே விழுமான்னு கேட்டா, அதுக்கு மேலே இருக்கிற #5-ஐ இன்னொரு தடவை படிங்க.

#9 பெசன்ட்நகர்_காத்து

கால் பத்தி ஒரு வார்த்தை இல்லையே! சந்திப்பு முன்னாலன்னு சொல்லிட்டா போதுமா, அங்கே போய் நிக்க வேண்டாமா?

எதிராளி மட்டை பந்துல படுற நொடியில சின்னதா ஒரு துள்ளல், ஸ்பிளிட் ஸ்டெப். குதிக்க வேண்டாம், குதிகால் ரெண்டு அங்குலம் எழும்பினா சரி. பாதம் திரும்பத் தரையைத் தொடும்போது பந்து எந்தப் பக்கம்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். முன்கூட்டித் துள்ளினா காலு தரையில ஒட்டிக்கிடும், பிந்தினா முதல் அடியே லேட்டு. வலது பக்கம்னா வலது பாதம் வெளிப்பக்கமா திரும்பி முதல்ல ஊணும், அதோட சேர்ந்தே தோள் திரும்பும். பெரிய எட்டு வெச்சுப் போய், கடைசி ஒரு மீட்டர்ல சின்னச் சின்ன எட்டா மாத்துங்க. அந்தக் கடைசி மூணு நாலு எட்டுதான் பந்துக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைச் சரி பண்ணுது. பந்து உடம்போட ஒட்டிக்கிச்சுன்னா முழங்கை விலாவுல இடிச்சு, பந்து பிரேம்ல படும்.

ஸ்டான்ஸ் (நிக்கிற நிலை): நேரம் இருக்கிற குட்டைப் பந்துக்கு இடது காலை முன்னால வெச்சு நுழைஞ்சு அடிங்க. அகலமா வர்ற பந்துக்கு, உயரமா வர்ற பந்துக்கு வலது காலை ஊணி, இடுப்பை மட்டும் சுருட்டின செமி ஓபன் (நெட்டைப் பார்த்துப் பாதி திறந்த நிலை). புதுசா பழகறவங்க முதல் ரெண்டு மாசம் இடது கால் முன் வைக்கிறதையே ஆடினா எடை முன்னால போறது புரியும்.

இப்ப நம்ம காத்து. கோர்ட் எல்லாம் பொதுவா வடக்கு தெற்கா இருக்கும், கடல் காத்து மதியத்துக்கு மேல கிழக்கேர்ந்து. தெற்கு முனையில நின்னு வடக்கைப் பார்த்தா காத்து உங்க வலது கைப் பக்கமேர்ந்து வரும். அது ஃபோர்ஹேண்டுக்கு வர்ற பந்தை உங்க உடம்புக்குள்ள தள்ளும், அதனால வழக்கத்தைவிட அரை எட்டு இடது பக்கம் தள்ளி நில்லுங்க. வடக்கு முனைக்கு மாறினா அதே காத்து பந்தை உங்ககிட்டேர்ந்து வெளியே இழுத்துட்டுப் போகும், கை எட்டாம நுனியில படும், அங்கே அரை எட்டு கூட வைக்கணும். முனை மாறினதும் ஃபோர்ஹேண்ட் கெட்டுப்போச்சுன்னு சாயங்கால ஆட்டக்காரங்க புலம்பறதுல பாதி இந்தக் காத்துதான்.

#10 ஒத்தக்கை_பேக்ஹேண்ட்

@பெசன்ட்நகர்_காத்து, கால் பத்திச் சொன்னதுக்கு ஒரு கைதட்டல். 2008-ல நுங்கம்பாக்கத்துல நடந்த சென்னை ஓபன் ஃபைனலை எடுத்துக்கோங்க. நடால் 0-6, 1-6-னு யூஷ்னிகிட்ட தோத்தார். ஃபோர்ஹேண்ட் ஒரே ராத்திரியில மறந்தா போச்சு? முந்தின நாள் மோயாவோட கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடின காலு வரலை, அவ்வளவுதான்.

#11 எட்டுப்பட்டை

யூஷ்னி அன்னிக்கு நல்லா ஆடினார்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க அண்ணே. :)

#12 மேடவாக்கம்_மட்டை

கம்பத்துல வெச்சு அழுத்திப் பார்த்தேன், வித்தியாசம் தெரியுது. கீழ்லேர்ந்து மேல தேய்ச்சா டாப்ஸ்பின் வரும்னாங்க. தேய்ச்சா பந்து சர்வீஸ் கோட்டுக்குள்ளயே (நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவுல இருக்கிற கோடு) விழுந்துடுது, தேய்க்காம அடிச்சா வெளியே போகுது. ரெண்டுக்கும் நடுவுல எங்கே நிக்கிறது?

#13 கோர்ட்_நம்பர்_3

"தேய்" என்ற சொல்லே பாதிப் பேரைக் கெடுக்கிறது. பந்தின் முதுகை மட்டும் தடவிவிட்டால் சுழற்சி உண்டு, ஆழம் இல்லை. மட்டை முன்னாலும் போக வேண்டும், மேலேயும் போக வேண்டும்; முன்னால் போவது அதிகம், மேலே போவது அதில் ஒரு பங்கு.

மட்டையின் தலை, பந்தைச் சந்திக்கும் உயரத்துக்கு ஓர் அடி கீழே இறங்கிவிட்டு அங்கிருந்து ஏறட்டும். இறங்கும்போது முகம் சற்றுத் தரையைப் பார்க்கும், படும்போது ஏறத்தாழ செங்குத்து. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்: பந்தை நெட்டுக்கு மேலே அனுப்ப வேண்டும் என்று முகத்தை மல்லாத்துகிறார்கள். பந்தை மேலே ஏற்ற வேண்டியது மட்டை போகும் பாதை, முகத்தின் சாய்வு இல்லை. முகம் நாலைந்து பாகை மல்லாந்தாலே பந்து பேஸ்லைனுக்கு வெளியே.

முழங்கால் மடங்காமல் கையை மட்டும் இறக்கினாலும் இதே கதிதான். மட்டை இறங்க வேண்டும் என்றால் உடம்பு இறங்க வேண்டும்.

உயரக் கணக்கு: நெட் நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 107 செ.மீ. கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, நெட்டுக்கு மேல் மூன்றடி உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டுங்கள். அடிக்கும் ஒவ்வொரு பந்தும் கயிற்றுக்கு மேலே போய் உள்ளே விழ வேண்டும். கயிற்றைத் தாண்டியும் உள்ளே விழுகிறது என்றால் சுழற்சி தானாக வந்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் தட்டையாக, கொஞ்சம் வேகத்தோடு அடித்த பந்து அந்த உயரத்தில் போனால் வெளியேதான் போகும். யாரும் "தேய், தேய்" என்று கத்த வேண்டியதில்லை, கயிறே சொல்லிக்கொடுத்துவிடும்.

நேர்க்கோட்டில் அடிக்காதீர்கள், குறுக்கே அடியுங்கள். சிங்கிள்ஸ் மூலைக்கு மூலை நீளம் 78 அடிக்குப் பதிலாக 82 அடிக்கு மேல், பந்து தாண்டுவதும் நெட்டின் தாழ்ந்த பகுதி. இரண்டு பக்கமும் லாபம்.

#14 வேளச்சேரி_வாலி

ஃபாலோ த்ரூ, அதாவது அடிச்ச பிறகு மட்டை போய் முடியிற இடம்? தோளுக்கு மேலயா, இடுப்புப் பக்கமா?

#15 எட்டுப்பட்டை

அது விளைவு, காரணம் இல்லை. இடுப்பு உயரப் பந்தை ஆழமா அடிச்சா மட்டை இடது தோளுக்கு மேல போய் முடியும். மார்பு உயரப் பந்தைக் குறுக்கே அடிச்சா வைப்பர் மாதிரி சுத்தி இடது முழங்கைப் பக்கம் முடியும். ஓடிப்போய் எட்டிப் பிடிச்ச பந்துன்னா தலைக்கு மேல சுத்தும், நடாலோட கயிறு வீசுற முடிவு அது. முடிவை மட்டும் காப்பியடிச்சா சந்திப்பு கெட்டுடும்.

பழகுறப்போ ஒரே ஒரு கட்டாயம் வைங்க: அடிச்சு முடிச்சதும் இடது கை மட்டையின் கழுத்தை இடது தோளுக்கு மேல பிடிக்கணும், அப்போ வலது தோள் தாடையைத் தொடணும். திரும்பி நிக்கிறப்போ தாடைக்கடியில இடது தோள், முடிக்கிறப்போ வலது தோள். தலை மட்டும் நடுவுல அசையாம நிக்கும். பந்து எங்கே போச்சுன்னு பார்க்கத் தலையைத் தூக்கினீங்கன்னா தோளும் கூடவே எழும்பி பிரேம்ல படும்.

#16 மேடவாக்கம்_மட்டை

கோர்ட் கிடைக்காத நாள்ல அபார்ட்மென்ட் சுவத்துல ஆடலாமா?

#17 கோர்ட்_நம்பர்_3

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கோர்ட்டில் உங்கள் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பந்து போய் வரும் தூரம் 47 மீட்டருக்கு மேல். சுவரிலிருந்து 7 மீட்டரில் நின்றால் வெறும் 14 மீட்டர். தாமதமாக அடிப்பவரை இன்னும் அவசரப்படுத்தும் சாதனம் அது. அப்படியும் ஆடத்தான் வேண்டும் என்றால் பந்தை இரண்டு முறை குதிக்க விடுங்கள், சுவரில் தரையிலிருந்து மூன்றடியில் சாக்பீஸ் கோடு போட்டு அதற்கு மேலேயே அடியுங்கள்.

அதைவிட நல்லது, நீங்களே பந்தைப் போட்டுக்கொண்டு அடிப்பது. சர்வீஸ் கோட்டில் நில்லுங்கள், தோளைத் திருப்பிவிட்டு, நீட்டிய இடது கையிலிருந்து பந்தை விடுங்கள். விட வேண்டிய இடம் முன் பாதத்துக்கு ஓர் அடி முன்னால், வலப்பக்கமாக ஒரு மட்டை நீளம் தள்ளி. எழும்பி, கீழே இறங்கத் தொடங்கும்போது அடியுங்கள். பாதி வேகம். அடித்ததும் மூன்று விநாடி அப்படியே நில்லுங்கள். எடை இடது காலில் இருக்கிறதா, வலது குதிகால் தூக்கியிருக்கிறதா, தொப்புள் நெட்டைப் பார்க்கிறதா? மூன்றும் இருந்தால் அடுத்த பந்து. முப்பது பந்து இப்படி, பிறகு பேஸ்லைனுக்குப் போய் முப்பது.

அடுத்து, சர்வீஸ் கட்டத்துக்குள்ளேயே ஒரு துணையோடு மெதுவாக ஆடும் மினி டென்னிஸ். எதிராளி அடித்ததும் வாய்விட்டு "திரும்பு", பந்து படும்போது "தொடு" என்று சொல்லுங்கள். "திரும்பு" என்பது பந்து நெட்டைத் தாண்டும் முன்பே வாயிலிருந்து வர வேண்டும். வெட்கப்படாமல் சத்தமாகச் சொன்னால் இரண்டு வாரத்தில் தாமதம் குறைவது தெரியும். இருபது பந்து தொடர்ந்து போனால் இரண்டு எட்டு பின்னால் நகருங்கள். பேஸ்லைனுக்குப் போக அவசரம் வேண்டாம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் ஹார்டு கோர்ட் தோசைக்கல்.

#18 ஓஎம்ஆர்_அப்பா

இழைக்கு நடுவுல ஒரு கேள்வி. பையனுக்கு எட்டு வயசு, இடது கைக்காரன். பெரியவங்க ஆடுற மஞ்சள் பந்துலதான் பயிற்சி. கை தானா கைப்பிடியோட அடிப்பட்டைப் பக்கமா போய்ப் பிடிக்குது, கோச் ஈஸ்டர்ன் காட்டினாலும் ரெண்டு பந்துல பழையபடி ஆயிடுது. என்ன பண்றது?

#19 எட்டுப்பட்டை

அவன் மேல தப்பில்லை சார். மஞ்சள் பந்து எட்டு வயசுப் பையனுக்குத் தலை உயரம் எழும்பும். தலை உயரப் பந்தை அடிக்க வெஸ்டர்ன்தான் வசதி, உடம்பு தானா கண்டுபிடிச்சிருக்கு. கிரிப்பைத் திருத்தாதீங்க, பந்தை மாத்துங்க. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவு, ஆரஞ்சு 50, பச்சைப் புள்ளி 25. 2012-லேர்ந்து பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட போட்டிகளுக்கு இந்தப் பந்துகள்தான்னு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே விதி வெச்சிருக்கு. எட்டு வயசுக்கு ஆரஞ்சு, 18 மீட்டர் நீளக் கோர்ட், 23-லேர்ந்து 25 அங்குல ராக்கெட். பந்து இடுப்புக்கு வந்ததும் கையும் தானா மேல ஏறும்.

#20 ஓஎம்ஆர்_அப்பா

நன்றிங்க. #2-ல சொன்ன பட்டை எண்ணெல்லாம் இடது கைக்கும் அதேதானா?

#21 எட்டுப்பட்டை

இல்லை, கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறும். மேல் பட்டை 1 அப்படியே, ஆனா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா எண்ணணும். வலது பக்கமா எண்ணின பழைய எண்ணாலேயே சொல்லணும்னா இடது கைக்கு கான்டினென்டல் 8, ஈஸ்டர்ன் 7, செமி வெஸ்டர்ன் 6. அடிப்பட்டை 5, அது ரெண்டு கைக்கும் வெஸ்டர்ன். புள்ளியை 7-க்கும் 6-க்கும் நடு விளிம்புல வைங்க. பையன்கிட்ட பட்டை எண்ணெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம், "புள்ளி மேல மூட்டு"ன்னு மட்டும் சொல்லுங்க. #9-ல இருக்கிற காத்துக் கணக்கும் அவனுக்குத் தலைகீழ்: வடக்கு முனையிலதான் பந்து உடம்புக்குள்ள வரும்.